சூடானால் படுத்துக்கொள்ளும் லாரி

எங்கள் தண்ணீர் லாரி காலையில் ஆனேக்கல் பக்கத்துப் போர்வெல்லில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சமர்த்தாகத்தான் கிளம்பும். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பாதி தூரம் வந்து எஞ்சின் சூடானதும் இழுவை குறைந்து, முக்கி முனகி, ஓரமாகப் படுத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து இந்தக் கூத்து.

லாரியை ஓட்டுவது என் வீட்டுக்காரர். ஆர்டர் போனை எடுத்துத் திட்டு வாங்குவது நான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அபார்ட்மெண்டுக்குத் தினமும் தண்ணீர் கொடுக்கிறோம். அதை நம்பித்தான் மர்பி டவுனில் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. "இன்னொரு நாள் லேட்டானா வேற வண்டிக்குச் சொல்லிடுவேன்மா" என்று அங்கிருக்கும் மேனேஜர் போனில் சொல்லிவிட்டார்.

வைத்தியர்களுக்கா பஞ்சம்? டர்போ ரிப்பேர் செய்பவர் டர்போ போய்விட்டது என்றார். டீசல் பம்ப் கடைக்காரர் டர்போவைத் தொடவே வேண்டாம், பம்ப்தான் என்றார். ரேடியேட்டர் கடைக்காரர் இரண்டு பேரையும் நினைத்துச் சிரித்தார். அவரவர் கடையில் எது நடக்கிறதோ அதுதான் எங்கள் லாரிக்கு வியாதி. எல்லோரும் கழற்றினார்கள், மாட்டினார்கள். "ஸ்வல்ப தூரம் ஓட்டிப் பாருங்க, சரியாயிடும்" என்றார்கள். லாரி மறுநாளும் அதே இடத்தில் படுத்தது.

நின்ற லாரியைக் கண்டால் இந்த ஊரில் யாரும் சும்மா போவதில்லை. காய் வண்டிக்காரர், கம்பெனி கேப் டிரைவர், பால் வாங்கப் போகிறவர், எல்லோருக்கும் ஒரே கேள்வி: "குரு, டீசல் இருக்கா?" என் வீட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மீசை துடிக்க டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு, நனைந்த குச்சியை அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார். மூடியை மாட்டிவிட்டு சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். "ஆறிடுச்சு" என்பார்.

அந்தக் கடைசி வாய்ப்பு நாளன்று, மேனேஜரிடம் கெஞ்ச ஆள் வேண்டுமே என்று நானும் கேபினில் ஏறி உட்கார்ந்தேன். வழக்கமான இடம் வந்தது, படுத்தது. நன்றாக ஆறவிட்டோம். சாவியைத் திருப்பினார், கிளம்பவில்லை. அன்றைக்கென்று ஒரு ஆளும் நின்று கேட்கவில்லை. கோபத்தில் வேறு கேள்வி தோன்றாமல் நானே கேட்டேன்.

"டீசல் இருக்கா?"

"நீயுமா?" என்று அவர் முறைத்துக்கொண்டே இறங்கிப் போய் மூடியைத் திருகினார். நானும் பின்னால் போனேன். சுற்றி ஆள் சத்தம் இல்லாததால், டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

இருவரும் மூடியைப் பார்த்தோம். பூஜையன்று அவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஜாக்கி வரை எதையும் விடாமல் சந்தனம் பூசியிருந்தார். லாரிக்குச் சோறு போகிற வழி என்று மூடிக்கு மட்டும் தாராளமாக. மூடியில் காற்றுக்கென்று இருந்த சின்ன ஓட்டையில் அது காய்ந்து, இறுகி, அடைத்துக்கொண்டிருந்தது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாமல் போனால் எஞ்சினுக்கு டீசல் எப்படி வரும்? சூட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூடியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் லாரி குணமாகியிருக்கிறது. பேர் ஆறவிட்டதற்கும், பழி டர்போவுக்கும் பம்புக்கும் போயிருக்கிறது.

என் சேஃப்டி பின்னைக் கொண்டு அவர் ஓட்டையைக் குத்தி எடுத்தார். "இத வெளிய சொல்லாத" என்றார். சாமி சமாச்சாரமாம்.

அதன் பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. அபார்ட்மெண்ட் தொட்டியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியபோது மேனேஜர் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு சரி. நாளைக்கும் இதே டைமுக்கு வருமா?"

"வரும் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

அத்தனை நாளும் ராத்திரி வீட்டில் என் கையிலிருந்து போனை வாங்கிச் சொன்ன அதே பதில்தான். அப்போதெல்லாம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை. நான் கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.