தூக்கப் போனவனைத் தூக்கிய பாய்மரப் படகு

போன வருடம் எங்கள் புதுச்சேரிக் கடலில் சர்வதேச பாய்மரப் படகுப் போட்டி நடந்தது. ரெட்டியார்பாளையத்தில் மாவு மில் வைத்திருப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? அரைகுறையாகப் பிரெஞ்சு பேசுவேன். அது போதுமென்று ஒரு தொப்பியைக் கொடுத்துத் தன்னார்வலராக்கிவிட்டார்கள்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வாடகைக்கு எடுத்த மீட்புப் படகுகளில் ஒன்று என் மைத்துனருடையது. அதிலேயே ஏறிக்கொண்டேன். எங்களுக்கு ஒரே விதி: பந்தயப் படகு கவிழ்ந்தாலும், கையைத் தூக்கி உதவி கேட்காதவரை தொடக் கூடாது. தொட்டால் அந்தப் பந்தயம் அவர்களுக்குப் போச்சு.

மைத்துனருக்கு இது தலையில் ஏறவே இல்லை. "கவுந்து கெடக்கறவங்கள பாத்துக்கினு சும்மா நிக்கறதா? எந்த ஊரு நாயம் மாமா இது?"

கடைசிப் பந்தயம். பிரான்சிலிருந்து வந்த பெண் இரண்டாவதாகப் பறந்துகொண்டிருந்தாள். அப்படியே முடித்தால் பதக்கம். கரையெல்லாம் விசில். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். இடையில் ஒரு போட்டோ வேறு. மிதவைச் சட்டையில் தொப்பை பெரிதாகத் தெரிகிறதென்று அதைக் கழற்றி வைத்திருந்தேன்.

திடீரென்று ஒரு காற்று. எங்கள் கண்ணெதிரே அவள் படகு கவிழ்ந்தது. பழக்க தோஷம், மைத்துனரின் கை இன்ஜினை முறுக்கிவிட்டது. தடுக்க வேண்டிய நானோ "வுடு, வேகமா வுடு!" என்று கத்திக்கொண்டே எட்டிக் கை நீட்டினேன்.

"தூஷ் பா!" என்று அலறினாள். தொடாதே என்கிறாள்! சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். உடம்புதான் கேட்கவில்லை, தலைகுப்புறக் கடலுக்குள் போய்விட்டது.

என்னை விசிறி வெட்டிவிடுமென்று மைத்துனர் இன்ஜினை அணைக்க, படகு தள்ளிப் போய்விட்டது. நான் முங்கி, எழுந்து, உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் குதித்து வருவதற்குள் ஒரு கை என் காலரைப் பிடித்துத் தூக்கியது. அவள்தான்! படகை நிமிர்த்தி ஏறியவள், பந்தயத்தை விட்டு என் பக்கம் திரும்பியிருக்கிறாள். பின்னால் வந்த படகுகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

கரையில் விசாரணை. ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றி இடத்தை இழந்தால் அந்த இடத்தையே ஈடாகத் தருவார்களாம். ஆனால் நடுவர்களுக்குச் சந்தேகம்: மீட்புப் படகில் வந்தவருக்கு உண்மையிலேயே ஆபத்தா? எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள்.

அவள் என்னையே பார்த்தாள். மைத்துனரும்தான். கடற்கரைக் குடும்பத்தில் பெண் எடுத்தவன் நான். கடலூர் வரை நீந்துவேன் என்று அந்த வீட்டில் விட்ட கதைகள் கொஞ்சநஞ்சமா?

"சத்தியமா தெரியாதுங்க" என்றேன், முதலில் தமிழில், பிறகு பிரெஞ்சில்.

"அடப்பாவி மாமா! பொண்ணு கேக்க வந்தப்பவே புளுகா?" என்று மைத்துனர் போட்ட சத்தத்தில், மொழி தெரியாத நடுவர்களும் சிரித்துவிட்டார்கள். இரண்டாம் இடம் அவளுக்கே கிடைத்தது. பதக்கம் வாங்கியதும் மேடையிலிருந்தே என்னைப் பார்த்துக் காலரைப் பிடித்துத் தூக்குவதுபோல் சைகை காட்டினாள். என் மானம் போனதற்கு நானே விசிலடித்துக் கொண்டாடினேன்.

இப்போதும் அரியாங்குப்பம் பாலத்தில் அவசரமாகப் போகும்போது, யாராவது நின்றுபோன வண்டியோடு தவித்தால், அவள் நினைவு வருவதற்கு முன்பே என் ஹேண்டில்பார் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.