பூத்த பயிரை உழுது மூடியது

எங்கள் தோட்டத்தில் நான் செய்ததைப் பாவம் என்று சிலர் சொன்னார்கள். அற்புதம் என்று வேறு சிலர் சொன்னார்கள். இருசாராரில் பெரும்பாலோர் அந்த வரப்பில் கால் வைத்தவர்கள் அல்லர். ஆகவே கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையுமன்றி வேறொன்றும் இங்கே எழுதமாட்டேன்.

ஐரோப்பாவில் போர் மூண்டதற்கு முந்திய ஆண்டு அது. கங்கைகொண்டானுக்குத் தெற்கே எங்களுக்குக் கிணற்றுப் பாசனமுள்ள சிறு தோட்டம் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே மஞ்சளித்தது. தந்தைக்குப் பின் குடும்பத்தை நடத்திய அண்ணன் பொறுமையிழந்தார்.

"ஐப்பசிப் பயிரும் இப்படி வெளிறிப் போச்சுன்னா நெலத்த வித்துப்புடுவேம்லே. பொறவு எங்கிட்ட இலக்கணம் பேசாத."

பயறுவகையின் வேர்முடிச்சுகள் மண்ணுக்கு உரமாகும் என்று அரசாங்க வெளியீடு ஒன்றில் படித்திருந்தேன். ஆனியில் தோட்டம் முழுதும் தட்டைப்பயறு விதைத்தேன். செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வேரில் கடுகளவு முடிச்சுகள் இருந்தன. நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. ஆவணியில் கொடிகள் பூத்தன. அவற்றை அப்படியே உழுது மூடவேண்டும் என்று எங்கள் உழவரிடம் சொன்னேன். அவர் மேழியை விட்டுக் கையெடுத்தார்.

"பூத்து நிக்குத பயிருல ஏரு விடச் சொல்லுதீகளே ஐயா! புள்ளத்தாச்சிய மிதிச்ச மாதிரில்லா? மாடு உங்க மாடு, ஏரு உங்க ஏரு. கை மட்டும் என் கை."

அவர் சொன்னதில் நேர்மை இருந்தது. ஆனால் காய்க்கும்வரை காத்திருந்தால் பயறு வீட்டுக்கு வரும். மண்ணுக்கு எஞ்சுவது குறையும். ஏட்டையே தொழிலாகக் கொண்ட எங்கள் ஆற்றங்கரைக் குடும்பத்தில் ஒருவரும் மேழி தொட்டதில்லை. நான் தொட்டேன்.

மர ஏர் கொடியைப் புரட்டவில்லை. கொடிதான் ஏர்முனையின் இரும்புக் கொழுவைச் சுற்றிக்கொண்டது. பிறகு கொடியை அறுத்து உழுத சாலில் கிடத்தி, அடுத்த சாலின் மண்ணால் மூடினேன். வழியே போன பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் நின்று சிரித்தார்.

"என்ன வே, பந்தி போட்டுட்டு இலையோட பொதைக்கீரு?"

"பந்தியே மண்ணுக்குத்தான் வே. இத்தனை வருசம் அதுதான நமக்கு வெளம்பிச்சு?"

மூன்றாம் நாள் உள்ளங்கைத் தோல் கிழிந்தது. தெற்கு ஓரத்தில், பனைவரிசையை ஒட்டிய ஒரு துண்டை மூட முடியவில்லை. அங்கிருந்த கொடிகளை மாடு மேய்ந்தது. உழுத பகுதிக்கு, மாடு இழுக்கும் தோற்பைக் கமலையால் கிணற்று நீர் இறைத்து மட்கவிட்டு, புரட்டாசிக் கடைசியில் தோட்டம் முழுதும் மக்காச்சோளம் ஊன்றினேன்.

மார்கழியில் அண்ணன் தோட்டத்தைப் பார்க்க வந்தார். மூடிய இடத்துப் பயிர் அவர் தலைக்கு மேல் கரும்பச்சையாய் நின்றது. தெற்குத் துண்டு பழையபடி மஞ்சளித்திருந்தது. ஒரு கதிரின் மடலைப் பிரித்து மணிகளை அழுத்திப் பார்த்தார். என் கைகளைப் பார்க்கவில்லை.

"கமலைக்குப் புதுத் தோல் தைக்கணும்லே. பழசு ஒழுகுதில்லா."

அதன்பின் நிலத்தை விற்கும் பேச்சு எழவில்லை.

தெற்குத் துண்டு வெளிறியதற்குப் பயறு மூடாதது காரணமா, பனைவேர்கள் உறிஞ்சியது காரணமா என்பது எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு மழையும் குறைவில்லாமல் பெய்தது; அதன் பங்கு எவ்வளவு என்பதும் தெரியாது.