மறைத்த மூன்று வாரம்

என் தங்கைக்கு மூன்று வாரத்தில் முடியக்கூடிய சிகிச்சை இருந்தது. அதை அவளிடம் சொல்லாமல் ஐந்து வாரச் சிகிச்சைக்கு நானே சம்மதம் கொடுத்தேன். கேட்டால் அவள் மூன்று வாரம்தான் என்பாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

மார்பில் கட்டியை எடுத்த பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகச் சமவெளி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

"தினமும் கொடுக்கிறதைக் கொஞ்சம் கூட்டி மூணு வாரத்துல முடிச்சிடலாம் சார்," என்றார் டாக்டரம்மா. "இவங்களுக்கு அஞ்சு வாரம், மூணு வாரம் ரெண்டுக்கும் பலன் ஒண்ணுதான். மலையிலேருந்து வர்றீங்க, தங்குற செலவும் மிச்சம். எங்களுக்கும் மெஷின் ஒண்ணுதான். வெளியே கூட்டத்தைப் பாத்தீங்கல்ல?"

அவர் சொன்னதில் கூட்டம் என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கதிரைப் பற்றி எனக்குத் தெரிந்த பாடம் மிகப் பழையது. வரிசையைக் குறைக்க ஏழைகளை அரைகுறையாக முடித்து அனுப்புகிறார்கள் என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

"பழைய முறையே இருக்கட்டும்."

"அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"நான் சொல்லிக்கிறேன்," என்றேன்.

அரசுக் காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை. ஆகவே நீண்ட சிகிச்சையால் கூடுதல் செலவு ஏதுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். செலவெல்லாம் என் கண்ணில் படாத இடத்தில் ஆனது. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் எடுத்த அறைக்கு வாடகை கொடுக்க அவள் ஆடுகளை விற்றாள். நான் கொடுத்தால் வாங்கமாட்டாள். கணவன் இல்லாதவள், மகன் வடக்கே லாரி ஓட்டுகிறான். மலையில் அவளுடைய மிளகு சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தது, பறிக்க ஆள் இல்லை. வார இறுதியில் கதிர் கிடையாது என்பதால் பஸ் ஏறி மேலே போவாள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பாள். போய்ச் சேர்ந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவாள்.

மூன்றாவது வாரக் கடைசியில் அறை வாசலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏனுங்ணா, பக்கத்து ரூம்புக்காரி இன்னிக்கு ஊருக்குப் போறாளாமா. எனக்கும் அவளுக்கும் ஒரே நாள்லதான ஆரம்பிச்சாங்க?"

"அவ நோய் வேற, உன் நோய் வேற அம்மிணி."

"அதுஞ்சரி. காலேஜ் வாத்தியார் தங்கச்சின்னா நோய்கூட மேல்படிப்புப் படிக்குமாட்ட இருக்குது," என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான்காவது வாரத்தில் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது காப்புக்கு இருந்தாக வேண்டும். இருந்தவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. தினமும் இறங்கி ஏற அவள் உடம்பு தாங்காது. இதே மலையில் பிறந்த நான், ஐந்து வாரம் என்று சம்மதித்தபோது காப்பை நினைக்கவே இல்லை. மூன்று வாரமென்றால் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

"ஒரு வருஷம் நீ இல்லாட்டி என்ன ஆயிடும்?" என்றேன்.

"நாளைக்கு ஊருல ஒண்ணு நடந்து, அந்த ஊட்டுல ஆளில்லாமத்தான் இப்படியாச்சுன்னு சொன்னாங்கன்னா, யாருங்க பதில் சொல்றது? நீங்களா?"

சிகிச்சையை இடையில் விட்டுவிட்டு மேலே போனாள். திருவிழா முடிய இரண்டு வாரமானது. பிறகு மிச்சமிருந்த மிளகு. அதன் பிறகு, "கதிர் பட்ட எடத்து எரிச்சலெல்லாம் ஆறிப்போச்சுங்க, போதும்," என்றாள். வற்புறுத்தப் போனேன். வற்புறுத்தினால் அந்த மூன்று வாரமும் வெளியே வந்துவிடும் என்று பயந்து, காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். விட்டுப்போன நாட்களுக்கு அவள் போகவே இல்லை.

அடுத்த ஆண்டு நோய் தழும்பிலும் இடுப்பெலும்பிலும் திரும்ப வந்தது. இடையில் நிறுத்தியதால்தானா என்று கேட்டேன். "அப்படின்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது சார்," என்றார் டாக்டரம்மா. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவர்.

அவளிடம் உண்மையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் முடித்த பிறகும் திரும்பவில்லை.

"மூணு வாரம்னா காப்புக்கு முந்தியே வந்திருப்பனுங்களே," என்றாள். போர்வையை இழுத்துக்கொண்டு, "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

வலி கூடியபோது மறுபடி அதே ஆஸ்பத்திரி. வலியைக் குறைக்க எலும்புக்குக் கதிர் வைக்கலாம், ஒரே தடவையிலும் கொடுக்கலாம், பிரித்து இரண்டு வாரமும் கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஒரே தடவையில் வைத்தால் பின்னால் இன்னொரு தடவை தேவைப்படலாம், வலி குறைவது இரண்டிலும் ஒன்றுதான் என்றும் சொன்னார். இந்த முறை அவள் சக்கர நாற்காலியில் என் பக்கத்தில் இருந்தாள்.

"அவளைக் கேளுங்க," என்றேன்.

அவள் டாக்டரம்மாவைப் பார்த்து, "அண்ணனையே கேட்டுக்கங்க. படிச்சவரு அவருதானுங்க," என்றாள்.

குத்திச் சொன்னாளா, பழக்கத்தில் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கடைசியில் அவளே, "இன்னிக்கே ஊட்டுக்குப் போறாப்பல வையுங்க," என்றாள்.

அன்று சாயங்காலமே கார் வைத்து மேலே கூட்டிவந்தேன். சில வாரம் வலி அடங்கியிருந்தது. அந்த வாரங்களில் தினமும் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் கேட்டாள், ஜன்னலைச் சாத்தச் சொன்னாள், மகன் எப்போது வருவான் என்று கேட்டாள். வேறு எதுவும் என்னிடம் பேசவில்லை. மகன் வந்து சேர்ந்த மறுநாள் போய்விட்டாள். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவனிடமும் சொல்ல வேண்டும்.