கிலோவுக்கு இவ்வளவுதான் பொறுப்பு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கப்பல்காரன் இருந்தானாம். ஏற்றிய பெட்டியைத் தொலைத்துவிட்டால், உள்ளே என்ன இருந்தது என்று கேட்க மாட்டானாம், எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டு, அதற்கு மட்டும் காசு தருவானாம். கதையில்லை. தென்காசியில் நான் வேலை பார்க்கும் கடல் பார்சல் ஆபீஸில், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதே இதுதான். ரசீதும் கையுமாக எந்தக் கவுண்டரிலாவது நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தராசு

இலஞ்சி மாடசாமி அண்ணாச்சி ரிட்டயர்டு ஏட்டு. கனடாவில் இருக்கும் மகள் முழுகாமல் இருக்கிறாள். சாரலில் நனையாமல் உரச்சாக்கைப் போர்த்தி, அவளுக்கு ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். பிரசவத்துக்கு நாலு மாசம் கிடப்பதால் கப்பலே போதும் என்றார்.

தராசு ஒன்பது கிலோ காட்டியது. கட்டைப் பிரித்து, இரண்டு ஊறுகாய் பாட்டிலை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஏழுக்கு இறங்கியது. அப்போதும் சந்தேகம் தீராமல் குனிந்து தராசின் அடியைப் பார்த்தார்.

"ஏலே தம்பி, கால வச்சு அமுக்குதியோ?"

கட்டம்

பெட்டிக்குள் என்ன, அதன் மதிப்பு என்ன என்று எழுத ஒரு தாள் உண்டு. மதிப்பை எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டினால் கிலோக் கணக்கு செல்லாது. எழுதிய மதிப்பு முழுவதற்கும் கப்பல்காரன் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை. பட்டுச்சேலை, வெள்ளிவிளக்கு, எதுவானாலும் 'பழைய துணி'தான்; மதிப்புக் கட்டம் காலி. வருகிறவர்கள் சொல்லும் முன்னே நானே எழுதிவிடுவேன்.

அண்ணாச்சிக்கும் தலை நிமிராமல் அப்படியே எழுதினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

"பரவால்லயே, உள்ள பாக்காமலே கண்டுபிடிச்சிட்டியே!"

கடிதம்

மூன்று மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வழியில் கப்பல் மாற்றிய துறைமுகத்தில் பெட்டியைக் காணவில்லை. ஏழு கிலோவுக்கான தொகையைத் தருகிறோம், கையெழுத்து வாங்கி அனுப்பு என்று எழுதியிருந்தார்கள்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காதபடி, "நெசமா உள்ள என்ன இருந்துச்சு? பட்டுன்னா சொல்லுங்க, பில்லு வச்சு எழுதிப் பாப்போம்" என்றேன்.

"எங்க வீட்டுக்காரி கட்டுன நூல்சேல ஆறு. தொட்டில் கம்பு ஒண்ணு. போன வருசம் அவ போயிட்டா. அம்ம சேலைலதான் தொட்டில் கட்டணும்னு மக ஒத்தக்கால்ல நின்னா."

நான் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தேன். அவரே என் தோளைத் தட்டினார்.

"நீ ஒண்ணும் பொய் எழுதலியே தம்பி. பழைய துணிதான்."

கையெழுத்து

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மஞ்சப்பையோடு மறுபடி வந்தார். என் வேலை அது; கையெழுத்துக்கான கம்பெனித் தாளை அவர் முன்னால் நகர்த்தினேன்.

"இதுல போட்டா பொறவும் தேடுவாவளா?"

"தேட மாட்டாங்க, அண்ணாச்சி. அதோட முடிஞ்சிரும்."

தாளை என் பக்கமே தள்ளிவிட்டார். பையிலிருந்து பச்சைக் கட்டம் போட்ட ஒரு சேலையை எடுத்தார். இது ஒண்ணாவது எங்கிட்ட இருக்கட்டும்னு வச்சிருந்தேன் என்றார். விமானத்திலேயே அனுப்பலாம், இந்தத் தடவை மதிப்பை எழுதிவிடுவோம் என்று நான் பேனாவைத் திறந்தேன்.

"எவ்வளவுன்னு எழுதுவ?"

பேனாவை மூடினேன். அவர் சேலையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வேண்டாம்டே. இலத்தூர்க்காரப் பையன் ஒருத்தன் திங்கக்கெழம அங்கன போறான். அவன் கையில குடுத்து விடுதேன். தொலச்சிட்டான்னா மூஞ்சியப் பாத்தாவது கேக்கலாம்லா."

எதைக் கொண்டுவந்தாலும் எடையை மட்டுமே சொல்லத் தெரிந்த தராசும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, பையை நெஞ்சோடு அணைத்தபடி அவர் படியிறங்கிப் போனார்.