ஜெஸீம் நானாவின் மூன்று விட்ஸ்

அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை ஜெஸீம் நானா காரை நகர்த்துவதில்லை. பொத்தானை அழுத்தியதும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஜப்பானிய மொழியில் இரண்டு வாக்கியம் சொல்வாள். ஜப்பானில் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்த வண்டி. குரலும் கூடவே வந்துவிட்டது. நானா தலையைச் சாய்த்துக் கேட்பார், பிஸ்மில்லாஹ் சொல்வார், அதன்பிறகுதான் கியரில் கை வைப்பார்.

"பிரேக்ல பிழை இரிக்கிண்டு சொல்றாளோ என்னமோ, நமக்கெங்க விளங்குற?"

அது நெடுஞ்சாலைக் கட்டண அட்டையைப் போடச் சொல்லும் குரல் என்று மெக்கானிக் ரமேஸ் பலமுறை சொல்லிவிட்டார். நானா நம்பவில்லை. "ஒரு அட்டைக்கா இவ்வளவு மரியாதையாப் பேசுறா?"

பதுளை ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக்கு ஹயர் ஓடும் கார்க்காரர்களில் அவர்தான் மெலிந்தவர், அவர்தான் மெதுவானவர். நெஞ்சு ஸ்டீரிங்கைத் தொடுமளவுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்துதான் ஓட்டுவார். மழைக்குப் பயம், பனிமூட்டத்துக்குப் பயம், பின்னால் ஹாரன் அடித்து வரும் மொனராகலை பஸ்ஸுக்குப் பயம். மற்ற டிரைவர்கள் முகத்துக்கு நேரே சிரிப்பார்கள். பிள்ளை பெற்று வீடு திரும்பும் பெண்களும் தையல் காயாத நோயாளிகளும் அவரைத்தான் தேடுவார்கள். "பயமில்லாதவனுக்கு ஒரு வளைவு, பயந்தவனுக்கு ஆயிரம் வளைவு," என்பார். அந்த ஒரு வளைவுக்கு அப்புறம் என்ன என்று விளக்குவதில்லை.

இதுவரை ஓட்டியது மூன்றும் விட்ஸ் என்ற சின்ன ஜப்பான் கார். முதலாவது, முட்டையைப் போல உருண்ட வண்டி. கையால் கியர் போடுவது. அதில் வேகத்தைக் காட்டும் எண்கள் டாஷ்போர்டின் நடுவில் பச்சையாக எரியும். பின்சீட்டில் இருப்பவருக்கும் தெரியும். முப்பதைத் தாண்டாத அந்த எண்ணைப் பார்த்துப் பயணிகள் கேலி செய்த கேலி கொஞ்சமல்ல. இரண்டாவது கொஞ்சம் தடித்தது, வளைவுகள் கூடியது. மீட்டர் அதே நடுவில்தான், எண்ணுக்குப் பதில் முள். ஆனால் ஆட்டோ கியர். "கியரையும் அதுவே மாத்துது. எறக்கத்துல வண்டிய யாரு புடிக்கிற?" என்று புலம்புவார். அதை ஓட்டிய காலமெல்லாம் அவருடைய இடது கால் இல்லாத கிளட்சைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவதைக் கண்டதும் நானா இரண்டடி பின்வாங்கினார். மூக்கு கூர்மையாகி, கண் சாய்ந்து, வண்டியே முறைப்பதுபோல் இருந்தது. மீட்டர் ஓட்டுபவருக்கு நேரே வந்துவிட்டது. சாவி பொத்தானாகிவிட்டது. முன்கண்ணாடியில் இரண்டு வைப்பருக்குப் பதில் பெரிதாக ஒன்றே ஒன்று. "ரெண்டு கண்ணுல ஒண்டப் புடுங்கிட்டானுகள்." எல்லாவற்றையும்விட, நிறுத்தினால் எஞ்சின் தானாகவே தூங்கிவிடும்; பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் எழும்பும். எண்ணெய் மிச்சமாம். மலைப்பாதையில் சத்தமில்லாமல் நிற்கும் காரை நானாவால் பொறுக்க முடியாது. அந்த வசதியை அணைக்கும் விசையைத் தேடிப்பிடித்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணும் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக அதை அழுத்திவிடுவார்.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடொன்றில் இருக்கும் கந்தப்பன் அவருடைய நிரந்தரப் பயணி. சிறுநீரகம் இரண்டும் பழுது; வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மகள் நிரஞ்சலா கூட வருவாள். "மூணாவது காரு வாங்கி மீட்டர ஒளிச்சு வச்சிட்டீங்களே நானா, எங்களுக்கு வேற என்னாங்க பொழுதுபோக்கு?" என்று கந்தப்பன் வழியெல்லாம் வம்பிழுப்பார்.

கார்த்திகை மழை விடாமல் கொட்டிய வாரம் அது. முந்தின முறை பாதை மூடிக் கிடந்ததால் கந்தப்பனால் ஆஸ்பத்திரி போக முடியவில்லை. முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கியது. காலையில் மழை சற்று விட்டதும் நானா மேலே ஏறிப்போய் இருவரையும் ஏற்றிக்கொண்டார். கந்தப்பனின் மூச்சைக் கேட்ட பதற்றத்தில், திரும்ப ஸ்டார்ட் பண்ணியபோது அந்த விசையை அழுத்த மறந்துபோனார்.

இறங்கி வரும்போது, சற்று முன் அவர் கடந்துபோன வளைவில் மண் சரிந்து பாதிப் பாதையை மூடியிருந்தது. பள்ளத்துப் பக்கம் ஒரு கார் மட்டும் போக இடமிருந்தது. சரிவுக்கு அப்பால் தன் த்ரீவீலர் ஆட்டோவை நிறுத்தியிருந்த தோட்டத்து டிரைவர் அழகையா கையை ஆட்டினார். "கரையோட வந்துருங்க நானா! எடம் இருக்கு!"

நானா பிரேக்கை மிதித்தார். எஞ்சின் தூங்கிப்போனது.

மூவரும் அதைக் கேட்டார்கள். மலைக்குள்ளே தண்ணீர் ஓடும் சத்தம். சின்னக் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருளும் சத்தம். மேலே ஒரு தேயிலைச் செடி, வேரோடு, சாயாமல் நின்றபடியே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரே மிதி, போயிரலாங்க," என்றார் கந்தப்பன். "எனக்குப் பயமில்ல."

"எனக்கு இரிக்கி."

நானா காரைப் பின்னுக்கு எடுத்தார். மலைச்சரிவு முடிந்து பாதை அகலமாகும் இடம்வரை போய் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். நிரஞ்சலா இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள். "இன்னைக்கும் போகலேன்னா அப்பா தாங்க மாட்டாருங்க."

நானா வளைவைப் பார்த்தார். கந்தப்பனைப் பார்த்தார்.

"காரால ஏலா. மல வந்தா உள்ளுக்கு இருந்து ஓட ஏலாது. காலால போவம்." கதவைத் திறந்து கந்தப்பனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். "ஏறுங்க."

"ஒங்களால முடியுமா?" என்றார் கந்தப்பன்.

"கதைக்காதீங்க, ஏறுங்க. புள்ள, நீ முன்னுக்குப் போ. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாத, ஓடு."

நீர் கோர்த்த உடம்பு கல்லாய்க் கனத்தது. மண்ணில் கால் வைத்ததும் முழங்கால்வரை புதைந்தது. பிடுங்கி அடுத்த காலை வைத்தார். கந்தப்பன் மாரியாத்தாவைக் கூப்பிட, அவர் கழுத்துக்குக் கீழே நானா கலிமாவை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தோளுக்குப் பக்கத்தில் ஒரு கல் பறந்து பள்ளத்தில் போய் விழுந்தது. விழுந்த சத்தம் நெடுநேரம் கழித்துத்தான் கேட்டது. பாதி தூரத்தில் ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. காலடியில் மண் நகர்ந்ததை உணர்ந்தபோது, தன் வாயிலிருந்து வந்த ஓலத்தை அவரே வேறு யாருடையதோ என்று நினைத்தார். அதற்குள் அழகையா சேற்றில் இறங்கி ஓடிவந்து கந்தப்பனின் கால்களைப் பிடித்துக்கொண்டார். எப்படிக் கரையேறினார்கள் என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

த்ரீவீலர் அடுத்த திருப்பத்தை அடையும்போது பின்னால் அந்தச் சத்தம் எழுந்தது. இடி என்று நினைக்க ஆசையாக இருந்தது. அழகையா கண்ணாடியைப் பார்த்தார். வேகத்தைக் கூட்டினார். இந்த முறை நானா மெதுவாகப் போகச் சொல்லவில்லை.

கந்தப்பனை இயந்திரத்தில் மாட்டி, அவர் மூச்சு சீராகும்வரை நானா வாசலிலேயே நின்றார். தோட்டத்திலிருந்து போன் வந்தது. வளைவு முழுதாகப் போய்விட்டதாம். மண்ணுக்குள் ஒருத்தரும் சிக்கவில்லையாம். கார் மேலே பத்திரமாக நிற்கிறது. எப்போது கீழே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு காலில் செருப்பும் இடுப்புவரை சேறுமாக வந்தவரை மனைவி ஸிஹாமா வாசலில் பார்த்தாள்.

"கார் மேல நிக்கிது," என்றார். "ரோட்டுல கொஞ்சம் மண்."

அவள் உள்ளே போய் இஞ்சி தட்டிப் போட்ட, பாலில்லாத பிளேன்டீயோடு வந்தாள். அவர் படியில் உட்கார்ந்து, வாங்கக் கை நீட்டினார். இரண்டு கையும் தம் பாட்டில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றை மடியில் போட்டுவிட்டு, அவள் பிடித்திருந்த கோப்பையிலேயே குனிந்து வாய் வைத்துக் குடித்தார்.