வாசலில் கொடுத்த தேத்தண்ணி

என் தங்கச்சியின் மகன் வெளிநாட்டுப் பட்டாளத்தில் இருக்கிறான் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதற்கும் தெரியும். அவள் மீன்காரனிடம்கூடச் சொல்லிவைத்திருந்தாள். பள்ளிக்கூட வயதில் எங்கள் தம்பியோடு அங்கே போனவன், அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து, அந்த நாட்டுச் சீருடையும் போட்டுவிட்டான். தங்கச்சி போகவில்லை. தம்பி எத்தனையோ தரம் கூப்பிட்டான். "அவர் வந்தா வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது" என்பதுதான் அவளுடைய பதில். அவர் என்றால் அவளுடைய புருஷன். சண்டைக் காலத்தில் விசாரணைக்கென்று அவரைக் கூட்டிக்கொண்டு போன ஆமிக்காரர்கள் திருப்பி அனுப்பவே இல்லை. அதனால் எங்கள் பிளாட்டில் இரும்புக் கேட்டை மட்டும்தான் பூட்டுவோம். மரக்கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். காலி வீதி பஸ்களின் புழுதி எல்லாம் உள்ளே வரும். நான் புறுபுறுத்துக்கொண்டே கூட்டுவேன்.

போன வருஷம் மகன் ஒரு படம் அனுப்பினான். எந்த ஊரென்று சொல்ல அவனுக்கு அனுமதியில்லை. ஒரு மண்சுவர் வீட்டு வாசலில் சீருடையும் தோளில் துவக்குமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கையில் சின்னக் கிளாசில் தேநீர். பக்கத்தில் அந்த வீட்டுக் குடும்பம். "நல்ல சனம் அம்மா, எங்களுக்குத் தேத்தண்ணி தந்தவை" என்று கீழே எழுதியிருந்தான். தங்கச்சி அதைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, ஹோலில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். பெற்ற மனம், நான் என்ன சொல்ல?

பேப்பர் இரவல் வாங்க வந்த மேல்மாடிக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர், படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். என் வாய் சும்மா கிடக்காது.

"ஆரோ ஒருத்தரின்ர வீட்டு வாசலில துவக்கோட நிக்கிறதில என்ன பெருமை? வெள்ளைக்காரன் எங்களிட்ட வந்து செய்ததும் இதுதானே" என்றேன்.

"விசர்க்கதை கதையாதையுங்கோ. அது ராசா ராணி காலம். இது ஓட்டுப் போடுற நாடு. பிழையெண்டா சனமே அரசாங்கத்தை வீட்ட அனுப்பும். அதைப் போய் ஏகாதிபத்தியம் எண்டு சொல்லலாமோ?"

"அந்தப் படத்தில நிக்கிற மனிசியிட்ட ஆரும் ஓட்டுக் கேட்டவையோ?"

"அங்க பள்ளிக்கூடம் கட்டிக் குடுக்கினம். தேர்தல்கூட வைச்சுக் குடுக்கினம்."

"துவக்கோட வந்தோ?" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "எங்கட வீட்டுக்கு வந்தவையும் ஓட்டுப் போடுற நாட்டு ஆக்கள்தான். நானும் இந்த நாட்டில வோட் போட்டனான்."

அவர் பேப்பரை மடித்துக்கொண்டு எழும்பிப் போனார். தங்கச்சி இதொன்றையும் காதில் வாங்கவில்லை. படத்துக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. பொம்பிளை முன்னுக்கு, இடுப்பில பிள்ளை. ஆம்பிளை பின்னுக்கு."

அட கோதாரி! அவ்வளவு நாளும் நானும் அதைப் பார்க்கவில்லை.

ஆமி வீடு வீடாகச் செக்கிங் வந்த காலத்தில் எங்கள் வீடுகளில் அது ஆரும் சொல்லித்தராத வழக்கம். கதவு தட்டினால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்தான் முன்னுக்குப் போவாள். ஆண்கள் அடையாள அட்டையோடு பின்னுக்கு நிற்பார்கள். பிள்ளையைக் கண்டால் வந்தவர்களின் மனம் இளகும் என்றொரு நம்பிக்கை. அடுப்பில் கேத்திலும் ஏறிவிடும். எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்த அன்று பின்னேரம் நான் தட்டைப் பிடிக்க, தங்கச்சி நல்ல கோப்பைகளில் பால்தேத்தண்ணி எடுத்துக் கொடுத்தாள். அன்பில் கொடுத்ததா அது? பயத்தில் கொடுத்தது. குடித்தார்கள். அரை மணித்தியாலத்தில் அனுப்பிவிடுகிறோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள், அவரை ஜீப்பில் ஏற்றும்போது. அன்று அவள் இடுப்பில் இருந்த பிள்ளைதான் இப்போது படத்தில் துவக்கோடு நிற்கிறவன்.

படத்தை அவள் கழற்றவில்லை. ஆனால் அதன்பிறகு சாமி கும்பிடும்போது அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அந்த வீட்டு மனிசனை என்ர பிள்ளை என்ன செய்தவனோ, என்ற ஒரே கேள்விதான் அவளுக்கு. போனில் கேட்கப் பயந்தாள்.

சித்திரையில் லீவில் வந்தான். நல்ல பிள்ளை, வந்ததும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் படத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

"தம்பி, அந்தப் பொம்பிளைப் பிள்ளை உங்களுக்குத் தேத்தண்ணி தரேக்க, அவளின்ர மனிசன் பின்னாலதானே நிண்டவன்?" என்று மகனிடம் கேட்டாள்.

"ஓம் அம்மா. ஏன்?"

"அவனைக் கூட்டிக்கொண்டு போனனீங்களோ?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய, நிலத்தைப் பார்த்தேன்.

"விசாரிக்கத்தான் அம்மா. அரை மணித்தியாலத்தில விட்டிடுவம் எண்டு நான்தான் அவாக்குச் சொன்னனான்."

"விட்டனீங்களோ?"

"தெரியாதம்மா. அடுத்த நாள் எங்களை வேற இடத்துக்கு மாத்திட்டினம்."

தங்கச்சி அழவில்லை. அவனுடைய தலையைத் தடவிவிட்டு, திறந்து கிடந்த வாசலைப் பார்த்தபடி சொன்னாள்:

"அந்தப் பிள்ளையும் இப்ப கதவைப் பூட்டமாட்டாள், தம்பி."