துருப் பிடிக்காத கை

என் அக்காவின் கணவர் வேலை பார்க்கும் பட்டறையில், ஃபோர்மேனின் மேசைக்கு மேலே ஆணியில் ஓர் இரும்புத் தண்டு பல வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முழ நீளம் இருக்கும். முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குச் சாணை பிடித்த தண்டு. அதன் நடுவில் செம்பழுப்பு நிறத்தில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. ரேகைகூடத் தெரியும். அந்த விரல்கள் என் மாமாவுடையவை.

அது சாயம் இல்லை, துரு. சின்ன வயதிலிருந்தே மாமாவின் உள்ளங்கையில் வியர்வை ஊறிக்கொண்டே இருக்கும். வெயில் காலம், மழைக்காலம் என்ற பேதம் அதற்குக் கிடையாது. துடைத்துவிட்டுக் கையை மடக்கி விரிப்பதற்குள் மறுபடி மினுமினுக்கும். அந்தக் கை பட்ட இரும்பு ஒரு ராத்திரி கழிந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பட்டறையில் அவருக்கு ‘ஊத்துக்கை’ என்று பெயர். வைத்தவர் ஃபோர்மேன். ஃபோர்மேனுக்கும் ஒரு பெயர் உண்டு, முதுகுக்குப் பின்னால் மட்டும் சொல்வார்கள். இளம் வயதில் அவருடைய வலதுகை ஆள்காட்டி விரலில் பாதியை ஒரு மெஷின் வாங்கிக்கொண்டது. அதிலிருந்து அவர் ‘நாலரை’.

மாமா சாணை மெஷின்காரர். மெஷினில் எந்நேரமும் குளிர்நீர் பாய்ந்துகொண்டிருப்பதால் அங்கே ஈரக்கை ஒரு குற்றமில்லை. ஆனால் தேய்த்து முடித்துத் தண்டு இறங்கியதும் அதற்கும் அவருக்கும் உறவு முறிந்துவிடும். பொட்டலம் கட்டும் அம்மாள் இருக்கிறாரே, மாமா பக்கத்தில் வந்தாலே, “ஊத்துக்கை, அங்கேயே நில்லு” என்பார். பெற்ற பிள்ளையைத் தூக்கக் கூடாதென்று சொல்வது மாதிரி இருக்கிறது என்று மாமா ஒருமுறை அக்காவிடம் சொன்னாராம்.

அவர் ஆசைப்பட்டது சோதனை மேசைக்கு. அங்கே உட்காருபவர் ஒவ்வொரு தண்டையும் விரல் நுனியில் உருட்டிப் பார்த்து, மைக்ரோமீட்டரில் அளந்து, சரி என்று சொன்னால்தான் அது பட்டறை வாசலைத் தாண்டும். கையுறை போட்டால் விரலுக்குச் சேதி வராது. எண்ணெய் பூசிய கையால் அளந்தால் அளவு பொய் சொல்லும். உலர்ந்த வெறுங்கைதான் வேண்டும். அதனால் அந்த மேசைக்கு வர விரும்பும் எவருக்கும் ஒரு பரீட்சை உண்டு. பட்டறையில் அதற்கு ‘ராத்தங்கல்’ என்று பெயர். மெருகேற்றிய தண்டு ஒன்றைச் சுத்தமாகத் துடைத்து ஆள் கையில் கொடுப்பார்கள். கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிறகு எண்ணெய் காட்டாமல் அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். காலையில் திறந்தால் கை தேறியதா இல்லையா என்பதைத் தண்டே சொல்லிவிடும்.

கல்யாணமான புதிதில் மாமா கலந்துகொண்டு தோற்ற பரீட்சைதான் ஆணியில் தொங்கியது.

நான் இந்த ஊருக்கு வந்து அக்கா வீட்டில் தங்கிய பிறகுதான் இதையெல்லாம் கண்ணால் பார்த்தேன். எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. சான்றிதழ் கைக்கு வந்த அன்று முதலில் மாமாவிடம்தான் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நீயே புடிச்சுக் காட்டு மாப்ள. ஈரம் பட்டுடும்.”

நான் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து, எழுத்து எழுத்தாக, அடியிலிருக்கும் கையெழுத்துவரை படித்தார். தெருவைக் கடக்கும்போது அக்கா அவர் கையைப் பிடிக்காமல் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்த வருடம் சோதனை மேசைக்காரர் வேலையை விட்டுவிட்டு மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். மாமா ஃபோர்மேனிடம் போய்த் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஃபோர்மேன் அந்த அரை விரலால் ஆணியைக் காட்டிவிட்டுத்தான் பெயரை எழுதிக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை விட்டால், வருகிறவன் தலை நரைக்கும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான். மாமாவுக்கு அது தெரியும். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

நான் வேலை செய்வது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அதே கட்டடத்தின் மாடியில் ஒரு தோல் மருத்துவர் இருக்கிறார். அந்தம்மாவிடம் போய்க் கேட்டேன். உள்ளங்கை வியர்வைக்கு ஊசி உண்டு என்றார். வியர்வைச் சுரப்பிக்கு நரம்பு அனுப்பும் உத்தரவை அந்த மருந்து வழியிலேயே மறித்துவிடும். முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான். பலன் சில மாதங்கள் நிற்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். வீட்டில் போய் இதை விளக்கினேன். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“மூஞ்சிக்குப் போடுற ஊசியா? மிச்சம் மீதி இருந்தா என் நெத்திக்கும் ஒண்ணு போடச் சொல்லுடா. உங்க மாமாவால வந்த கோடுதான்.”

மாமாவுக்கு ஊசி என்றால் பயம். மூன்று நாள் நான் ஊசி என்று வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவார். நாலாம் நாள், “அந்த அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?” என்று பல் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

போனோம். காத்திருக்கும் அறையில் ஒரு பள்ளி ஆசிரியை உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிற உடை. அவருக்கு அக்குளில் வியர்வை. பல வருடங்களாகக் கறுப்பைத் தவிர எதையும் உடுத்தவில்லையாம். வகுப்பில் கரும்பலகையின் மேல் வரிக்குக் கையைத் தூக்கியதே இல்லையாம். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே பேசினார்.

“மொதல் தடவை அழுதேன். ரெண்டாந்தடவை டாக்டரைத் திட்டினேன். இப்போ நானா வரேன். சாம்பல் கலர் போட்டிருக்கேன் பாருங்க. வேர்வையை ஊருக்கெல்லாம் சொல்ற கலர் இதுதான்.”

மாமாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் உள்ளே போனதும் ஒரு வேடிக்கை நடந்தது. எந்த இடத்தில் எவ்வளவு வியர்க்கிறது என்று பார்க்க, மருத்துவர் அவருடைய உள்ளங்கையில் அயோடின் தடவி, மேலே மாவைத் தூவினார். வியர்வை பட்ட இடமெல்லாம் கருநீலமாக மாற வேண்டும். நாங்கள் காத்திருந்தோம். ஒன்றும் மாறவில்லை. கை சுட்ட அப்பளம் மாதிரி வெளுத்தே கிடந்தது.

“உங்களுக்கு வேர்க்கவே இல்லையே” என்றார் மருத்துவர்.

எனக்கு மானம் போயிற்று. படித்தவன் என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னார்.

“வரும்போது துரு எண்ணெய் பூசிட்டு வந்தேன் மேடம். உங்க சாமானெல்லாம் இரும்பா இருக்குமே, என் கை பட்டுக் கெட்டுடக் கூடாதுன்னு.”

இரும்பைத் தொடப்போகிறோம் என்றால் உள்ளங்கையில் அந்த எண்ணெயைப் பூசிக்கொள்வது அவருக்குப் பழக்கம். வாசல் கதவின் தாழ்ப்பாளுக்குக்கூடப் பூசிக்கொள்வார். மருத்துவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்து, உலரவிட்டு, மறுபடி அயோடின், மறுபடி மாவு. இந்தத் தடவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு உள்ளங்கைகளும் மழை மேகம் மாதிரி இருண்டன. சிரித்துக்கொண்டிருந்த மருத்துவர் நிறுத்திவிட்டு, “இத்தனை வருஷம் எப்படிச் சமாளிச்சீங்க?” என்றார்.

பேனாவால் கையில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்தார்கள். மூன்றாவது வரிசை கொஞ்சம் கோணலாகப் போகிறது என்று மாமா சொல்ல, அதையும் சரிசெய்துகொடுத்தார் அந்தம்மா. பிறகு பனிக்கட்டியை வைத்து மரக்கச் செய்து, புள்ளி புள்ளியாக ஊசி. உள்ளங்கை சாதாரண இடமில்லை. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு பட்டறையில் இருக்கும் மெஷின்களின் பெயரை ஒவ்வொன்றாக முணுமுணுத்தார். வலது கை முடிவதற்குள் மெஷின்கள் தீர்ந்துவிட்டன. இடது கைக்கு என் அக்கா வழிச் சொந்தக்காரர்களின் பெயர்கள், கொஞ்சம் வசவோடு.

கிளம்பும்போது மருத்துவர் ஒன்று சொன்னார். சிலருக்குக் கட்டைவிரலில் பிடிமானம் சில வாரம் தளர்ந்திருக்கும், தானாகச் சரியாகிவிடும்.

அடுத்த சில நாள் எதுவும் நடக்கவில்லை. மாமா காலையில் எழுந்ததும் கையைத்தான் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிடுவேன். ஒருநாள் குளியலறையிலிருந்து கூப்பிட்டார். இடது கை உலர்ந்திருந்தது. சுவரில் அழுத்தி எடுத்துக் காட்டினார், அச்சு விழவில்லை. இரண்டு நாள் கழித்து வலது கையும் அப்படியே. ஆனால் மருத்துவர் சொன்ன தளர்ச்சியும் வந்தது. பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் போட அக்கா வேண்டியிருந்தது. ராத்தங்கலோ நெருங்கிவிட்டது.

பரீட்சையன்று நடந்ததைப் பொட்டலம் கட்டும் அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலை முடியும் நேரத்தில் ஃபோர்மேன் தண்டைத் துடைத்துக் கொடுத்தார். மாமா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் பிடிக்கக் கட்டைவிரல் ஒத்துழைக்காது. ஊசி போட்ட சேதி பட்டறைக்குள் ஏற்கெனவே பரவியிருந்தது. எல்லாரும் வட்டமாக நின்று, எண்ணெய் டப்பா தரட்டுமா, வாளி வைக்கட்டுமா என்று கிண்டல் செய்தார்கள். நேரம் முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது விரல் நழுவித் தண்டு கீழே போயிற்று. சிமெண்டுத் தரையில் விழுந்திருந்தால் காயம்பட்டு வீணாகியிருக்கும். ஃபோர்மேன் பாய்ந்து பிடித்தார். பிடித்த வேகத்தில் திட்டிக்கொண்டே போய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். மாமா கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஃபோர்மேன் அலமாரியைத் திறந்து, தண்டைக் காகிதத்தில் பிடித்து வெளியே எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பினார். நடுவில் செம்பழுப்பாக ஒரு கை.

யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஃபோர்மேன், “நான்தான் சொன்னேனே” என்று ஆணியை நிமிர்ந்து பார்த்தார். மாமா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவை வறண்டுதான் இருந்தன. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. படிப்பு, பட்டம், மாடியிலிருக்கும் மருத்துவர் எல்லாம் சேர்ந்து அந்த மனிதரை இரண்டாவது தடவையாகச் சபையில் நிறுத்திவிட்டோமே என்று இருந்தது.

பொட்டலம் கட்டும் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“ஐயா, இதுல ஒரு விரல் பாதிதானே இருக்கு.”

எல்லாக் கண்களும் முதலில் தண்டுக்குப் போயின, பிறகு ஃபோர்மேனின் வலது கைக்கு. நாலு முழு விரல், ஓர் அரை விரல். நேற்றுப் பாய்ந்து பிடித்தாரே, அந்தப் பதற்றத்தில் வேர்த்த கை. துடைக்காமல் வைத்துப் பூட்டியதும் அவர்தான். அவர் தண்டை மெல்ல உருட்டினார். மாமா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த இரண்டு ஓரமும் கண்ணாடியாகப் பளபளத்தன.

பின்வரிசையிலிருந்து யாரோ, “நாலரைக்கும் வேர்க்குமா?” என்றார்கள். அந்தப் பெயர் அவர் காதுபட விழுந்தது அன்றைக்குத்தான். சிரிப்பு கூரையைத் தொட்டது. ஃபோர்மேன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. ஆணியிலிருந்த பழைய தண்டைக் கழற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டு, புதியதை அங்கே மாட்டினார்.

“இது என்னுது. இங்கேயே இருக்கட்டும். நீ போய் மேசையில உக்காரு” என்றார். போகிறபோக்கில் என்னிடம், “தம்பி, அந்த டாக்டர் எந்த மாடி?” என்று மெதுவாகக் கேட்டார்.

ஊத்துக்கை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. பழகிய வாய் மாறாது. ஆனால் இப்போது அந்த ஊத்துக்கை சரி என்று சொல்லாமல் ஒரு தண்டும் வெளியே போவதில்லை. கட்டைவிரல் சில வாரங்களில் பழையபடி ஆயிற்று. மாதங்கள் போனால் கை மறுபடி ஊறும், மறுபடி ஊசி. அதைப் பற்றிக் கேட்டால், “மெஷினுக்கே வருஷத்துக்கு ரெண்டு தடவை சர்வீஸ் பண்றோம். கைக்குப் பண்ணக் கூடாதா?” என்கிறார்.

மேசையில் உட்கார்ந்த அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை.

“மாப்ள, அந்த சர்டிபிகேட்ட எடு.”

கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். முழுவதும் படித்தார். திருப்பிப் பின்பக்கம் ஒன்றும் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டார். விளக்கருகே பிடித்து, தேய்த்து முடித்த தண்டைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “சரி” என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். சட்டையை இல்லை, கையை. உள்ளங்கையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“போதும், காகிதத்தக் குடுங்க. கை உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு கெடக்கு, கிழிச்சுடப் போறீங்க. கொஞ்சம் எண்ணெய் பூசிக்கிட்டா என்னவாம்?”